பேரரசுக்கு உறை ஊற்றியவள்

எங்கள் மலைநாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் படையைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை குதிரை, எத்தனை வில், எந்தக் கோட்டையை எந்த ராஜா இடித்தார் என்று விடிய விடியச் சொல்வார்கள். சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எங்கள் பசர்கதா ஊருக்கு வந்து மூன்று காரியம் செய்யாமல் இந்த நாட்டில் ஒருவன் ராஜா ஆகிவிட முடியாது. முதல் ராஜா, ராஜா ஆவதற்கு முன்னால் போட்டிருந்த பழைய அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அத்திப்பழக் கட்டியைத் தின்று, காட்டுப் பிஸ்தாவை மென்று விழுங்க வேண்டும். கடைசியாக ஒரு மரக்கிண்ணம் நிறையப் புளித்த மோரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும். கிரீடமும் கொம்பு ஊதுவதும் அதற்கு அப்புறம்தான். அந்த மோரைப் பார்த்துக்கொண்டவள் ஹுமாயா. படைத்தலைவர்கள் பெயரைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இவள் பெயர் எங்கேயும் இல்லை, அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹுமாயாவின் அப்பா அரண்மனைத் தோட்டத்தில் கல் வாய்க்காலில் விழும் இலைகளை வாரிப் போடுகிறவர். அம்மா பால் கறந்துகொண்டிருந்தபோதே வலி வந்து, ஆட்டுப்பட்டியிலேயே பிறந்தவள் இவள். முதலில் கேட்ட குரல் அம்மாவுடையதா ஆட்டுடையதா என்று ஊரில் கேலி பேசுவார்கள். "ஆட்டோடதுதான். அதுக்காவது பொறுமை இருக்கு" என்பாள் ஹுமாயா.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் பழைய மோர்க்காரி செத்துப்போனாள். எங்கள் ஊரில் மோர்க்காரியை யாரும் சிபாரிசில் வைப்பதில்லை. ஏழு பெண்களைக் கூப்பிட்டு, ஒரே ஆட்டின் பாலை ஏழு சட்டியில் ஊற்றி, ஆளுக்கு ஒன்றாக உறை ஊற்றச் சொல்வார்கள். மறுநாள் நெருப்புப் பூசாரி வந்து சட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். யார் தயிர் அசையாமல் நிற்கிறதோ அவள் கைக்குப் பானை. ஹுமாயாவின் தயிர் கல் மாதிரி நின்றது. அரண்மனைச் சமையல்காரனின் தங்கை சட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து பூசாரியின் செருப்பில் விழுந்தது. அவள் அன்றைக்கு ஆட்டுக்கு மனசு சரியில்லை என்று சாதித்தாள். ஏழு பேருக்கும் ஒரே ஆடுதானே என்று யாரும் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை, அழுதுவிடுவாள் என்று.

பானை என்றால் பானை மட்டுமில்லை. முதல் ராஜா குடித்த கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதை அன்றே பாலில் விட்டு உறைய வைத்தார்கள். மறுநாள் அதில் கொஞ்சம் எடுத்து அன்றைய பாலில் விட்டார்கள். இப்படி இன்றைய தயிர் நேற்றைய தயிரின் பிள்ளை, நேற்றையது முந்தாநாளுடைய பிள்ளை. ராஜ வம்சத்திலாவது நடுவில் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டது உண்டு, சித்தப்பன் வந்து உட்கார்ந்தது உண்டு. மோர் வம்சத்தில் ஒரு நாள்கூடத் தடங்கல் கிடையாது. பானை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேறு உறை சேரக் கூடாது. ஹுமாயா கல்யாணத்தன்றும் பிரசவத்தன்றும்கூட உறை ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தாள். ரஷ்தா என்ற தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்று வேறு ஊர்களில் கொடுத்தாள். ரஷ்தா நல்ல மனுஷன். அவனுக்கு மோர் பிடிக்காது என்பது ஒன்றுதான் குறை.

எல்லாம் சரி, ராஜா மட்டும் சாகவில்லை. இது சொல்லக் கூடாத பேச்சுதான். ஆனால் மோர்க்காரி வேலையே அடுத்த ராஜாவுக்காக. பழைய மோர்க்காரி முப்பத்தோரு வருடம் உறை ஊற்றிவிட்டு, ஒரு ராஜாவுக்கும் கிண்ணம் நீட்டாமலே போய்ச் சேர்ந்தாள். ஹுமாயாவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது, பானை கைக்கு வந்து இருபத்தேழு வருடம். தினமும் விடிந்ததும் உறையெடுத்து வைத்துவிட்டு மிச்சத் தயிரைத் தோட்டக்காரர்களுக்கு ஊற்றினாள். அவர்கள் ரொட்டியைத் தொட்டுத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். "ராஜா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்" என்று தினமும் வேண்டிக்கொள்வாள். வேண்டி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஏக்கம் தலைகாட்டும். என் கையால் ஒரே ஒரு கிண்ணம், அதைப் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று. உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஊரில் ஒரே ஒரு விரோதி, அங்கிக்காரர் அஸ்பாகா. முதல் ராஜாவின் அங்கி அவர் பொறுப்பில் தேவதாருப் பெட்டியில் இருந்தது. தடித்த ஆட்டுக்குட்டிக் கம்பளி, உள்ளே மென்மயிர் வைத்துத் தைத்தது, முட்டிக்குக் கீழே வரை வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை வெளியே எடுத்து இரண்டு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே காயப் போடுவார். அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தும்மக்கூடக் கூடாது. ஹுமாயாவின் சட்டிகள் காயும் சுவரோ அதற்குப் பத்தடி தள்ளித்தான் இருந்தது. பிறகு கேட்கவா வேண்டும்?

"இந்தாம்மா ஹுமாயா, உன் புளிச்ச தண்ணிய அந்தப் பக்கம் கொண்டு போ. நாத்தம் அங்கியில ஏறிடும்."

"அங்கிக்காரரே, அந்தப் பழைய துணிக்கு இனிமே ஏற என்ன இருக்கு? பூச்சியே சலிச்சுப் போயி வேற வீடு பாத்துட்டுப் போயிடுச்சு."

"என் அங்கியில ஒரு பூச்சி காட்டு பாப்போம்!"

"பெட்டியத் திறந்தாத்தானே காட்ட? நீங்கதான் பொண்டாட்டிய ஒளிச்சு வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே."

இருபது வருடம் இதே பேச்சு. நடுவில் நின்று இருவருக்கும் தலையாட்டுவது ரஷ்தாவின் வேலை.

ராஜா இறந்த செய்தி மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் நேரத்தில் வந்தது. ஹுமாயா உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ராஜா அவர்தான். அழுதுகொண்டே எழுந்து போய் மரக்கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தாள். அது துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டாள்.

அன்று மாலை பூசாரிகள் ராஜாவின் நெருப்பை அணைத்தார்கள். ராஜாவோடு பிறந்து ராஜாவோடு போகிற நெருப்பு அது. அது அணைந்தால் ஊரில் ஒரு அடுப்பும் எரியக் கூடாது. புது ராஜா முடிசூடின பிறகு புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து வீட்டுக்கு வீடு எடுத்துப் போவார்கள். பாபிலோன்காரர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ரொட்டி சுட்டுத் தின்றார்கள் என்று கேள்வி. நாங்கள் அப்படியில்லை. பேரீச்சை, உலர்ந்த அத்தி, வால்நட், பாலாடைக் கட்டி, ஊறப்போட்ட வாற்கோதுமை என்று பச்சையாகவே தின்றுகொண்டு, திராட்சை ரசத்தைக் குடித்துக் குளிரைப் போக்கிக்கொண்டோம். ரஷ்தாவுக்கு அந்தக் கடைசி வைத்தியத்தில் மட்டும் நல்ல நம்பிக்கை இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் பாலைக் காய்ச்சலாம் என்று ஹுமாயா பாத்திரத்தை வைத்தாள். அடுப்பைப் பார்த்தாள், சாம்பலைப் பார்த்தாள், அப்போதுதான் உறைத்தது. நேரே நெருப்புக் கோபுரத்துக்கு நடந்தாள்.

"சாமி, தீ எப்ப மூட்டுவீங்க?"

"புது ராஜா வந்து முடிசூடினதும்."

"முடி எப்ப சூடுவாரு?"

"உன் மோரக் குடிச்சதும்."

"மோர் எப்படி வரும்? பால் காயணும், வெதுவெதுப்பா அடுப்போரம் வைக்கணும். அதுக்குத் தீ வேணுமே சாமி."

பூசாரி விரலை மடக்கினார். "தீ வரணும்னா ராஜா வரணும். ராஜா வரணும்னா மோர் வரணும். மோர் வரணும்னா தீ..." மூன்றாவது விரலில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து மடக்கினார். அதே விரலில்தான் போய் நின்றது.

"போன தடவை என்ன பண்ணாங்க சாமி?"

"இவருக்கு முந்தின ராஜா வைகாசி வெயில்ல போனாரும்மா. பால் அதுபாட்டுக்கு உறைஞ்சிருக்கும். அதுக்கு முந்தி போனவரும் வெயில் காலந்தான்." பூசாரி தாடியைச் சொறிந்தார். "பனியில போற ராஜாவ நாங்க நெனச்சே பாக்கல."

"ஒரே ஒரு சுள்ளி? நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

ஹுமாயா திரும்பி நடந்தாள். கேட்டால் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் கற்றுத் தருவோம், குதிரை ஏறுவது, வில் வளைப்பது, பொய் சொல்லாமல் இருப்பது. பொய் சொன்னவன் மூஞ்சியில் நாங்கள் விழிப்பதில்லை. அஸ்பாகாவுக்கு முதல் இரண்டும் சுத்தமாக வரவில்லை. மூன்றாவது மட்டும் தேவைக்கு அதிகமாகவே வந்திருந்தது.

சாதாரண வருடமாக இருந்தால் ஆடுகளுக்கு நடுவே பானையை வைத்துச் சமாளித்திருப்பாள். ஆனால் குளிருக்கு மந்தையெல்லாம் கீழ்நாட்டு வெயிலுக்கு இறங்கிப் போய்விட்டது. மிஞ்சியது அரண்மனைத் தொழுவத்தில் இரண்டு பசு. ரஷ்தா ஒரு யோசனை சொன்னான்.

"சாணிக் குவியல் உள்ள நல்ல சூடா இருக்கும் புள்ள. அதுல ஒரு குழி தோண்டிப் பானைய..."

"ராஜா குடிக்கிறதுய்யா!"

"மூடி போட்டுத்தானே வைக்கச் சொன்னேன்" என்றான் பாவம் அவன்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். கை அகலத்தில் ஒரு சின்னக் கலயம். அதில் கறந்த சூட்டோடு பாலை விட்டு, உறையைக் கலந்து, வாயைக் கட்டி, வயிற்றில் துணியால் இறுக்கிச் சுற்றி, மேலே தன் மேலாடையைப் போட்டுக்கொண்டாள். மனுஷ உடம்பும் ஓர் அடுப்புத்தானே. சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் தயிர் நின்றது. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, தொழுவத்துப் பசுவைக் கட்டிக்கொண்டு கொஞ்சினாள்.

அப்புறம் ஊர் பார்த்தது. நாற்பத்தாறு வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கை கொடுத்து மெதுவாக நடந்து போகிறாள். வாய்க்காலோரம் துணி துவைக்கிற பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

"என்ன ஹுமாயாக்கா, தீயில்லாத குளிர்ல ரஷ்தா மாமா சும்மா இருக்கல போலிருக்கே!"

"ஆமாண்டி. எத்தன மாசம்னு சொல்லு பாப்போம்?"

"ஆறு இருக்கும்."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்குச் சாயங்காலம் பிரசவம். நாளைக்கு மறுபடியும் ஆறு மாசம்!"

படி அளக்கிற குமாஸ்தா ரஷ்தாவைத் தெருவில் நிறுத்தி, "ஆம்பளப் புள்ள பொறந்தா அரண்மனையில திராட்சை ரசம் ரெண்டு பங்கு உண்டு, தெரியுமில்ல?" என்றான். ரஷ்தா ஒரு நிமிடம் ஆசையோடு யோசித்தான், பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

இப்படி இருபது நாள் ஓடியது. ராஜா இன்னும் யாரென்று தெரியவில்லை. மூத்தவர் என்று ஒருவர், பட்டத்து ராணி பெற்றவர் என்று ஒருவர். இரண்டு பக்கமும் படை நகர்கிறது என்றார்கள், பேச்சு நடக்கிறது என்றார்கள். ஹுமாயாவுக்கு அந்தக் கவலையே இல்லை. எவர் வந்தாலும் குடிக்கப் போவது இதைத்தானே என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். நல்லவேளை, தம்பிக்குக் கடலோரம் ஒரு செழிப்பான சீமை கிடைத்தது, அண்ணனுக்கு நாடு கிடைத்தது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இருபத்தொன்றாம் நாள் குதிரைக்காரன் வந்து சொன்னான், ராஜா நாளை மறுநாள் காலையில் வருகிறார் என்று.

ஊர் துள்ளியது. ரொட்டி, சூடான ரொட்டி என்று ரஷ்தா பாட்டாகவே பாடினான். ஹுமாயா கலயத்தைப் பார்த்தாள், மரக்கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணம் நிறைய வேண்டுமானால் கலயம் போதாது, பெரிய பானையில் உறைய வைக்க வேண்டும். பெரிய பானையை எந்த வயிற்றில் கட்டுவது?

அன்றே சாயங்காலம் கறந்த பாலைப் பெரிய பானையில் ஊற்றி, உறை விட்டு, வீட்டிலிருந்த ஆட்டுத்தோல் எல்லாவற்றையும் சுற்றி வைத்தாள். விடிந்ததும் திறந்தாள். பால் நூல் விட்டுக்கொண்டு வழவழவென்று கிடந்தது, வாயில் வைத்தால் கசந்தது. மூன்று வாரமாக நெருப்பைக் காணாத தோல்கள், பனியில் நனைந்து ஈரம் ஏறி ஜில்லென்று இருந்தன. ஊரில் யார் வீட்டுக் கம்பளியும் அப்படித்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் கலயம், அதில் இன்னும் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் உறை. இதையும் விட்டு அதுவும் உறையாவிட்டால் ராஜாவுக்குக் கிண்ணம் இல்லை, முதல் ராஜா தொட்டு வந்த மோரும் இல்லை. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, தன் கையில் வந்து எல்லாம் முடியப் போகிறது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. அதைப் பார்த்துத்தான் ரஷ்தா பயந்தான், நேரே ஓடினான்.

யாரிடம் ஓடுவான்? பக்கத்து வீடு அஸ்பாகாவுடையதுதான்.

கொஞ்ச நேரத்தில் அங்கிக்காரர் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு கையிலும் குழந்தையை ஏந்துகிற மாதிரி அங்கியை ஏந்திக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இந்தாம்மா. ஊர்லயே ஈரம் படாத கம்பளி இது ஒண்ணுதான். தேவதாருப் பெட்டியில இருந்தது."

ஹுமாயா நம்பாமல் பார்த்தாள். "அங்கிக்காரரே, புளிச்ச தண்ணி நாத்தம் ஏறிடும்னு..."

"ஏறட்டும்" என்றார் அஸ்பாகா. சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்துபோனார். "உன் மோர் இல்லேன்னா ராஜா இல்ல. ராஜா இல்லேன்னா இத யாரு போட்டுக்குவா? நானா? எனக்குக் கை நீளம் பத்தாது."

"போட்டுப் பாத்திருக்கீங்களா?"

அஸ்பாகா வானத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஒரே ஒரு தடவை" என்றார். ஹுமாயா அந்தக் கவலையிலும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று பேரும் தொழுவத்துக்கு ஓடினார்கள். இரண்டு பசுவையும் கறந்து, ஆவி அடங்குவதற்குள் பானையில் ஊற்றி, உறையைக் கலந்தாள். அஸ்பாகா கண்ணை மூடிக்கொண்டு அங்கியை விரித்தார். பானையை அதில் உட்கார வைத்து, அங்கியின் கை இரண்டையும் இழுத்துப் பானையின் கழுத்தில் முடிச்சுப் போட்டார்கள். பார்த்தால் குள்ளமான ஒரு ராஜா வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ரஷ்தா அதற்கு ஒரு கும்பிடு போட்டான்.

பகல் முழுக்க அசையாமல் பானையின் மூன்று பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள், தங்கள் உடம்புச் சூடும் சேரட்டும் என்று. வெளியே பனி பெய்தது. அத்தியும் வால்நட்டும் தின்றுகொண்டு, இருபது வருடத்துச் சண்டையை ஒன்றொன்றாக எடுத்துப் பேசிச் சிரித்தார்கள். காயப் போட்ட அங்கியில் ஒருநாள் காக்கை எச்சமிட்டதையும், அதைத் தானே துடைத்துவிட்டுச் சொல்லாமல் போனதையும் ஹுமாயா இப்போதுதான் சொன்னாள். அஸ்பாகா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்லவேளை, சொல்லாம விட்டே. அன்னிக்கே செத்திருப்பேன்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் அவள் முடிச்சை அவிழ்த்தாள். மூடியை எடுக்கக் கை வரவில்லை. "நீங்க எடுங்க" என்றாள் ரஷ்தாவிடம். அவன் எடுத்துவிட்டுப் பானையை லேசாகச் சாய்த்தான். தயிர் அசையவில்லை.

சந்தோஷத்தில் அவள் ரஷ்தாவைக் கட்டிக்கொண்டாள், ரஷ்தா அஸ்பாகாவைக் கட்டிக்கொண்டான், யாருடைய முழங்கையோ பானையில் இடித்தது. இரண்டு கை அளவு தயிர் குப்பென்று வெளியே வந்து முதல் ராஜாவின் அங்கியின் நெஞ்சில் விழுந்தது.

அலசினால் காயாது, காய வைக்க நெருப்பு கிடையாது, விடிந்தால் ராஜா. துடைக்க முடிந்த மட்டும் துடைத்தார்கள். கறை போய்விட்டது. வாசனை போகவில்லை.

மறுநாள் காலை, கோயிலின் உள்ளறை. பூசாரி, அஸ்பாகா, ஹுமாயா, ராஜா ஆகப் போகிறவர், அவ்வளவுதான் அங்கே ஆட்கள். வெளியே ஊரும் படையும் பனியில் காத்து நின்றன. அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ராத்திரி முழுக்கக் குதிரையில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. தன் பட்டு உடையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினார். அஸ்பாகா அங்கியை மாட்டிவிட்டார். ராஜா மூச்சை இழுத்தார். குனிந்து நெஞ்சுப் பக்கம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இது என்ன வாசனை? எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அஸ்பாகா அங்கியின் ஓரத்தை நீவிவிடக் குனிந்துகொண்டார். ராஜாவின் முன்னால் பொய் சொன்னால் தலை போகும். இந்த உண்மையைச் சொன்னாலும் தலை போகலாம். ஹுமாயா கிண்ணத்தைப் பிடித்தபடி ஓரடி முன்னால் வந்தாள்.

"இல்ல ராஜா. நேத்து வரைக்கும் தேவதாரு வாசனதான். இது மோர் வாசன. கொட்டினது நாங்க." பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அணைந்த அடுப்பு, பூசாரியின் மூன்று விரல், வயிற்றுக் கலயம், நூல் விட்ட பால், தொழுவம். "இவரு மேல தப்பில்ல. மோர் கெட்டுடக் கூடாதுன்னு உசுரா காப்பாத்தின அங்கியக் கொண்டுவந்து கொடுத்தாரு. தண்டனை உண்டுன்னா எனக்குக் குடுங்க. ஆனா முதல்ல இதக் குடிச்சிடுங்க."

ராஜா அவளையே பார்த்தார். பிறகு பூசாரியைப் பார்த்து, "மூணு விரலா?" என்றார். பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. "முதல் ராஜாவே ஆடு மேய்க்கிற வீட்டுல வளந்தவர்தானே. அவர் போட்டிருந்தப்ப இது தேவதாரு வாசனையா அடிச்சிருக்கும்? அப்படியே இருக்கட்டும், யாரும் இதத் துவைக்க வேண்டாம்" என்றார். அஸ்பாகா அழுதேவிட்டார்.

ராஜா அத்திக் கட்டியைத் தின்றார், காட்டுப் பிஸ்தாவின் கசப்பில் முகத்தைச் சுளித்தபடி மென்று விழுங்கினார். ஹுமாயா கிண்ணத்தை நீட்டினாள். இருபத்தேழு வருடம் நினைத்துப் பார்த்த நீட்டல் அது. அவர் ஒரே மூச்சில் குடித்தார், தொண்டை ஏறி இறங்குவதை அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். கிண்ணம் காலியானது. அவள் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

ராஜா உதட்டை நக்கிக்கொண்டார். "மூணு நாளா ஒண்ணும் சரியாச் சாப்பிடல. ரொம்ப நல்லா இருக்கும்மா. பானையில இன்னும் இருக்கா? இன்னொரு கிண்ணம் ஊத்தேன்."

ராஜா ஆனவர் கேட்ட முதல் பொருள் அதுதான். பானையின் அடியில் ஒரு கிண்ணம் அளவுக்கு இருந்தது, ஒரே ஒரு கிண்ணம். பூசாரி கொடு கொடு என்று கண்ணால் ஜாடை காட்டினார். ஹுமாயா பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருக்கு ராஜா. ஆனா தர முடியாது."

"ஏன்?"

அவளுக்குப் பொய் வராது. "இது உங்களுக்கு அப்புறம் வர்ற ராஜாவோடது" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. முடிசூடுகிற நாளில், முடிசூடப் போகிற நேரத்தில், ராஜாவின் முகத்துக்கு நேராக. அஸ்பாகா சுவரைப் பிடித்துக்கொண்டார். ராஜா காலிக் கிண்ணத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். வெளியே ஊர் பொறுமையிழந்து கூவியது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரிதான். பத்திரமா வச்சுக்கோ." வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணும் அவசரமில்லம்மா!"

அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். கிரீடம் வைத்தார்கள், கொம்புகள் ஊதின. கோபுரத்தில் புது நெருப்பு ஏறியது, வீட்டுக்கு வீடு தீ வந்தது, பசர்கதாவின் எல்லாக் கூரையிலும் ரொட்டிப் புகை. ரஷ்தா சூடான ரொட்டியை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு எதை முதலில் கடிப்பது என்று தெரியாமல் நின்றான். அஸ்பாகாவும் அங்கேதான் சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.

அன்று சாயங்காலம், இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு, ஹுமாயா பாலைக் காய்ச்சினாள். விரலை விட்டுச் சூடு பார்த்தாள். அடுத்த ராஜாவின் பங்கிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்து, மூடி போட்டு, அடுப்போரம் வைத்தாள்.